அக்கா முதலில் வாங்கியது

குளியலறைக் குழாய் திறந்தே கிடந்தது. வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதே தவிர, ஆள் குளிக்கிற சத்தம் கேட்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சின்னவள் இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"என்னங்க... தண்ணி வீணாப் போகுது."

உள்ளே இருந்தவன் அவள் புருஷன், அந்த வீட்டின் இளைய மகன். செல்போன் கடையில் வேலை. கடை பத்தரைக்குத்தான் திறக்கும் என்பதால் காலை நேரத்தில் அவனுக்கு அவசரம் என்பதே இருந்ததில்லை. அன்று போனையும் கையோடு உள்ளே கொண்டுபோயிருந்தான்.

சாப்பாட்டு மேசையின் கோடியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். மூத்த மருமகள். எதிரே லேப்டாப். திரை முழுக்கச் சிவப்பு. எங்கோ தூர தேசத்தில் ஒரு பெரிய வங்கி ராத்திரியோடு ராத்திரியாகப் படுத்துவிட்டதாம். விடிந்தபோது சந்தைகள் எல்லாம் படிக்கட்டில் கால் தவறியவன் மாதிரி உருண்டுகொண்டிருந்தன. சின்னவளுக்குப் பங்குச் சந்தை தெரியாது. ஆனால் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு தெரிந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எவ்வளவுக்கா போச்சு?"

"போக வேண்டிய அளவுதான்."

பெரியவள் இரண்டு மூன்று இடங்களில் தட்டினாள். எண்கள் அசைந்து அடங்கின. லேப்டாப்பை மூடினாள். எழுந்து வந்து, பொங்கி வழியப் போன பாலை இறக்கி வைத்துவிட்டு, "வெங்காயம் உரிக்கணுமா?" என்று கேட்டாள்.

சின்னவள் அவள் கையைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. உலகமே தலைகுப்புற விழுகிறது என்று தொலைக்காட்சியில் கத்திக்கொண்டிருந்தார்கள். இவள் வெங்காயத்தின் தோலை ஒரே சுற்றில் உரித்துப் போட்டாள். இது பயமில்லாத பெண்ணா, அல்லது பயம் எங்கே போய் உட்கார வேண்டும் என்று அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவளா என்று சின்னவளுக்குப் புரியவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டு நனையவில்லை. அவன் யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

*

பெரியவள் பார்க்காத வேலை இல்லை என்று அந்த வீட்டில் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் நிஜமும் அதுதான்.

முதலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. வீறிட்டு அழுகிற குழந்தையின் கையில் நரம்பைத் தேடிப் பிடிப்பாள். அந்த இடத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி ஆட்களைக் குறைத்தபோது, விமானத்தில் பெட்டியைத் தொலைத்தவர்கள் போன் செய்து திட்டுகிற இடத்தில் சேர்ந்தாள். திட்டு வாங்குவதற்குச் சம்பளம். திட்டுகிறவன் மூச்சு வாங்க நிறுத்துகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அங்கே கற்றாள். அந்த வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி. எரிந்த கடை, நசுங்கிய கார், கூரை பறந்த கிடங்கு என்று ஊர் ஊராகப் போய், எது விபத்து, எது வேண்டுமென்றே வைத்த தீ என்று மோந்து பார்த்துச் சொல்கிற வேலை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் மேலே போயிருப்பாள்.

அப்போதுதான் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது.

மாமியார் டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டர். பென்ஷனுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. மூத்தவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இளையவன் அப்போது படித்துக்கொண்டிருந்தான், அவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. யார் வேலையை விடுவது என்று யாரும் பேசக்கூட இல்லை. பெரியவள்தான் விட்டாள். இளையவனுக்குக் கடைசி வருஷக் கட்டணம் கட்டியது அவளுடைய சேமிப்பிலிருந்து. அதையும் யாரும் பேசவில்லை.

மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்கிற ஒப்பந்தங்களை வாங்கி விற்கிற வியாபாரம் படித்தாள். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், கஞ்சி ஊட்டுவாள், நடுவில் லேப்டாப்பைப் பார்ப்பாள். ஒரு வருஷம் ஒரு பைசா போடவில்லை. போட்டதாக நினைத்துக்கொண்டு வெறுமனே ஆடிப் பார்த்தாள். பேச்சு குழறிப் போயிருந்த மாமனார் ஒருநாள், "ஜெயிச்சியா?" என்று கேட்டாராம். "இன்னும் தோக்கக் கத்துக்கறேன் மாமா" என்றாளாம். அவர் போன பிறகுதான் நிஜமாகவே இறங்கினாள். அப்புறம் பரீட்சை எழுதி, முதலீட்டு ஆலோசனை சொல்வதற்கு முறையாகப் பதிவும் வாங்கினாள். சான்றிதழ் முன்னறைச் சுவரில் தொங்கியது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் ஒருவர், தையல் கடைக்காரி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும். அவள் பெரும்பாலும் சொன்ன ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: வேண்டாம்.

"காசு வாங்கிட்டு வேணாம்னு சொல்றதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டா?" என்று மாமியார் சமையலறையில் முணுமுணுப்பார்.

மாமியாருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. பெரியவள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். அது அவள் வைத்திருந்த சட்டம். இளையவன் கெஞ்சிப் பார்த்தான், கிண்டல் பண்ணிப் பார்த்தான். "எங்க அண்ணி ஊருக்கெல்லாம் டாக்டர், வீட்டுல மட்டும் மருந்து கிடையாது" என்பான். அவள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

பிறகு ஒரு கட்டத்தில் அவன் கெஞ்சுவதை நிறுத்தினான். மாமியாரும் முணுமுணுப்பதை நிறுத்தினார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு ரகசியச் சந்தோஷம் தெரிந்தது. சின்னவள் விசாரித்தபோது, "அண்ணி எனக்கு மட்டும் சொல்றாங்கடி. வெளிய தெரிஞ்சா அவங்க பதிவுக்கு ஆபத்து. நீ எதுவும் கேக்காத, அவங்ககிட்டயும் பேச்செடுக்காத" என்றான். அவள் நம்பினாள். காலையில் அவன் குளித்துவிட்டுத் துண்டோடு பெரியவளின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒரு நிமிஷம் நிற்பதை அவளே பார்த்திருக்கிறாளே.

*

மதியம் கண்டக்டர் தம்பதி முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தை விழுந்ததைச் செய்தியில் பார்த்துப் பதறி வந்தவர்கள். "உங்க காசு எதுவும் அங்க இல்லை, நிம்மதியா தண்ணி குடிங்க" என்று பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் டம்ளரை எடுக்கும்போது மாமியார் உள்ளே வந்தார். பின்னால் வாசற்படியில் இளையவன்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இவங்க இருக்கட்டும். இவங்க முன்னாடியே கேக்கறேன்."

"உக்காருங்க அத்தை."

"உக்கார வரலை. என் ரிட்டயர்மெண்ட் காசைக் கொண்டுபோய் எதுல போட வெச்ச?"

பெரியவள் அவரைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் நின்றவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, நான்..."

"நீ பேசாத. வீட்டு ஆளுங்களுக்குச் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு உத்தமி வேஷம் போட்டுட்டு, அவன் காதுல மட்டும் ஓதியிருக்க. நாலு காசு வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அண்ணி கை ராசி, அண்ணி கை ராசின்னான். நானும் மொத்தத்தையும் எடுத்துக் குடுத்தேன்... இன்னைக்குக் காலைல எல்லாம் போச்சாம். வழிச்சு எடுத்த மாதிரி போச்சாம்." குரல் உடைந்தது. "முப்பது வருஷம் ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். காது அடைச்சுப் போன காசும்மா அது."

சின்னவள் சமையலறை வாசலில் நின்றாள். இப்போது அக்கா வெடிப்பாள், இல்லை அழுவாள், இல்லை காலில் விழுவாள் என்று காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. மாமியார் மூச்சு வாங்க நிறுத்துகிற வரைக்கும் பெரியவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"உங்க காசு போனது நிஜம் அத்தை. இப்ப நான் என்ன சொன்னாலும் அது திரும்பி வராது."

"பாத்தீங்களா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றாளா?" மாமியார் கண்டக்டர் தம்பதியின் பக்கம் திரும்பினார். "வயசான காலத்துல இருக்கறதையும் இவகிட்ட குடுத்துட்டு உக்காராதீங்க. சொந்த மாமியாருக்கே இந்தக் கதி. வேற இடம் பாருங்க."

கண்டக்டர் டம்ளரை வைத்தார். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் எப்படியோ விஷயம் பரவி, பல் டாக்டர் போன் செய்து, இனி வரமாட்டேன் என்று மரியாதையாகச் சொன்னார். தையல்காரி போன்கூடச் செய்யவில்லை.

*

சின்னவளால் தாங்க முடியவில்லை. இருட்டுவதற்கு முன், பாத்திரம் தேய்க்கிற இடத்தில் பெரியவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்களுக்குக் கொஞ்சந்தான் போச்சு. நீங்க சொல்லித்தானே அவரும் போட்டாரு, அவருக்கு மட்டும் ஏன் மொத்தமும் போகணும்? ஒரு வார்த்தை எச்சரிச்சிருக்கக் கூடாதா?"

பெரியவள் குழாயை மூடினாள்.

"நான் அவனுக்கு எதுவும் சொல்லலைம்மா."

"அவரு உங்க பின்னாடி வந்து நிப்பாரே. நான் பாத்திருக்கேன்."

"நிப்பான். குளிச்சிட்டு எத்தனை மணிக்கு வருவான்?"

"ஒம்பதரை... அதுக்கு மேலயும் ஆகும். எழுந்திரிக்கறதே லேட்டு."

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏதோ ஒரு எரிந்த கடையில் தீ எங்கே பிடித்தது என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவள் முகம் தெளிந்தது. கூடவே ஒரு சோகமும் வந்து உட்கார்ந்தது.

"அதான். அவன் வர்றதுக்கு முன்னாடியே நான் ஒண்ணு வாங்கி முடிச்சிருப்பேன்."

"புரியலைக்கா."

"சந்தை விழுந்துடுமோன்னு பயப்படறவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்களுக்கு நான் இன்சூரன்ஸ் விக்கறேன்னு வெச்சுக்க. விழலைன்னா அவங்க குடுத்த பிரீமியம் எனக்கு. விழுந்தா நான் கைக்காசைப் போட்டுக் குடுக்கணும். விழுந்தா எவ்வளவு விழும்னு எவனுக்குத் தெரியும்? அதனால விக்கறதுக்கு முன்னாடி, வரப்போற பிரீமியத்துல கொஞ்சத்தை முன்கூட்டியே செலவு பண்ணி, எனக்கும் ஒரு இன்சூரன்ஸ் வாங்கிடுவேன். எரிஞ்ச மில்லுக்கெல்லாம் எங்க பழைய கம்பெனி பணம் குடுத்தப்ப எப்படி இவங்க மட்டும் திவாலாகலைன்னு நினைச்சிருக்கேன். அவங்களே இன்னொரு பெரிய கம்பெனிகிட்ட இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருந்தாங்க. அங்க கத்துக்கிட்டதுதான் இது. மார்க்கெட் தொறந்த உடனே எனக்கு வேண்டியதை வாங்கிடுவேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விப்பேன்."

"அவரு..."

"விக்கறதை மட்டும் பாத்திருக்கான். அதை மட்டும் செஞ்சிருக்கான். சந்தை ஒழுங்கா இருந்த வரைக்கும் என்னைவிட அவனுக்குத்தான் லாபம் ஜாஸ்தி வந்திருக்கும். நான் செலவு பண்ணத அவன் பண்ணலையே."

சின்னவள் பெரியவளையே பார்த்தாள். தினமும் காலையில், இளையவன் குளித்துவிட்டு வருவதற்கு முன்னால், இந்த மனுஷி தன் நாசத்துக்கு ஒரு எல்லை கட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறாள். ஊசி பிடித்த கை, திட்டு வாங்கிய காது, சாம்பலை மோந்த மூக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது. கூடவே இருந்தும் யாருக்கும் கண்ணில் படவில்லை. படிக்கட்டு தெரியாமல் இத்தனை நாள் ஒரு கோபுரத்தின் அடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இதை அத்தைகிட்ட சொல்லலாம்ல? இப்பவே வாங்க, நான் சொல்றேன்."

பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். அத்தைக்குக் காசு போச்சு. பையனும் போகணுமா?"

"உங்க பேரு போகுதேக்கா. உங்க தொழில்..."

"நான் நாலஞ்சு வேலை மாறினவ. இன்னொண்ணு கிடைக்கும். அவங்களுக்கு இந்த வயசுல இன்னொரு பையன் கிடைக்கமாட்டான்." மறுபடியும் குழாயைத் திறந்தாள். "இதை யார்கிட்டயும் சொல்லாத. என் மேல சத்தியம் எல்லாம் கேக்கலை. சொல்லாத, அவ்வளவுதான்."

*

மூத்தவன் லாரியிலிருந்து திரும்பியதும் வாடகைக்கு வீடு பார்த்தான். அம்மாவிடம் அவன் அதிகம் பேசவில்லை. "அவ செஞ்சிருக்க மாட்டாம்மா" என்று ஒரு தடவை சொன்னான். "அப்ப நான் பொய் சொல்றேனா, உன் தம்பி பொய் சொல்றானா?" என்று மாமியார் கேட்டார். அவன் மனைவியிடம் போய்க் கேட்டான். அவளோ நடந்ததைச் சொல்லவில்லை. அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டான்.

மாமியார் பெரியவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பெரியவள் டம்ளரை வைத்துவிட்டுப் போவாள். அது அப்படியே இருக்கும். சின்னவள் வந்து எடுத்துக் கொட்டிவிட்டு, அதே குடத்திலிருந்து வேறு டம்ளரில் பிடித்துக் கொடுப்பாள். அதை வாங்கிக் குடிப்பார்.

சின்னவள் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் புருஷன் தெருவில் நிற்பான். அவன் கெட்டவன் இல்லை. காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்றிப் போடுகிறவன். சட்டென்று பணக்காரனாகி அம்மா முன்னால் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டவன். பிடிபட்டதும் கையில் கிடைத்த பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன். அந்தப் பொய்க்கு அண்ணியின் உருவம் இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டைக் காலி செய்கிற அன்று காலையில் அவன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"உன் வளையலைக் குடு."

"எதுக்கு?"

"சந்தை இனிமே ஏறும். விழுந்த வேகத்துக்கு ஏறியே ஆகணும். ஒரே அடி, அம்மா காசு பூரா வந்துடும். வந்துட்டா அண்ணி போக வேண்டியதும் இல்லை. எல்லாம் பழையபடி ஆயிடும்."

"மொதல்ல எதை வாங்குவீங்க?"

"என்னது?"

"விக்கறதுக்கு முன்னாடி அக்கா ஒண்ணு வாங்குவாங்க. அது என்ன?"

அவன் விழித்தான். அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இத்தனை நாள் கழித்தும், இத்தனை பேர் அழுத பிறகும், தான் ஏன் தோற்றோம் என்று அவன் தெரிந்துகொள்ளவே இல்லை. கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபோதுதான் சின்னவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அழுகை வரவில்லை.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்ன சொல்றது?"

"அண்ணி உங்களுக்கு எதுவும் சொல்லலைன்னு. திருட்டுத்தனமா எட்டிப் பாத்தேன்னு. அதுவும் பாதிதான் பாத்தேன்னு."

"பைத்தியமா நீ? அம்மா என்னை..."

"வளையலைக் குடுத்தா நாளைக்கு வீட்டுப் பத்திரம் கேப்பீங்க. அக்கா உங்களைக் காப்பாத்தறேன்னு நினைச்சிட்டுப் போறாங்க. இது காப்பாத்தறது இல்லைங்க. அவங்களுக்கு மார்க்கெட் தெரியும், உங்களைத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும்."

அவள் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள். மாமியார் நாற்காலியில் இருந்தார். மூத்தவன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பெரியவள் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றாள் சின்னவள். "அத்தை, இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவன் அறை வாசலில் நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஓடுவதற்கு வழி இருந்தது, அவன் ஓடவில்லை. அதை மட்டும் அவன் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

"அண்ணி எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலைம்மா. நானே... பின்னாடி நின்னு பாத்துப் பாத்துப் போட்டேன். அவங்க பேரைச் சொன்னாத்தான் நீ காசு தருவன்னு சொன்னேன். அவங்களுக்கு எதுவுமே தெரியாது."

மூத்தவன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தான். பெரியவள் குறுக்கே போய் நின்றாள். "கை வெக்காதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவன் நின்றுவிட்டான்.

மாமியார் மகனைத் திட்டவில்லை. அவன் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவளைப் பார்த்து, "அன்னைக்கே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவன் பொய் சொல்றான்னு அன்னைக்கே தெரியும். எப்படிப் போட்டான்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

மாமியார் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார்.

"சின்னவளே, என் செருப்பை எடு. அந்தக் கண்டக்டர் வீடு எங்கன்னு தெரியுமா உனக்கு?"

*

கண்டக்டர் வீடு ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாமியாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை. வீட்டு வாசற்படி இறங்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

சின்னவள் கை கொடுத்தாள். மாமியார் வாங்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். முகத்தில் வேர்வை வழிந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அதே கிழவிதான் இது. அந்த வீம்பு எங்கேயும் போகவில்லை, திசைதான் மாறியிருந்தது. பெரியவளைப் பார்த்துத்தான் மலைக்க வேண்டும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். வீட்டில் மலைக்க இன்னொரு ஆளும் இருந்திருக்கிறது.

கதவைத் திறந்த கண்டக்டர் திகைத்துப் போனார். மாமியார் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"உக்காரச் சொல்லாதீங்க. நின்னுட்டே சொல்லிடறேன். அன்னைக்கு என் மருமகளைப் பத்தி உங்ககிட்ட பேசினது பொய். நான் பொய்னு தெரியாம பேசினேன். ஆனா பேசினது நான்தான். அவ யாருக்கும் எதுவும் சொல்லலை. தப்பு என் பையன் மேல. அவனை நம்பிட்டு அவளை ஒரு வார்த்தை கேக்காதது என் தப்பு." மூச்சு வாங்கியது. "ஆயுசு பூரா ஒருத்தர் லைனை இன்னொருத்தரோட சேத்து வெச்ச கை இது. ரெண்டு பக்கமும் பேசினாத்தான் அது போன் கால். என் வீட்டுல ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டேன்."

கண்டக்டரின் மனைவி முன்னால் வந்தார்.

"ஐயோ, நீங்க ஏங்க இவ்வளவு தூரம்... அன்னைக்கே நான் சொல்ல வந்தேன், இவருதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. அந்தப் பொண்ணு எங்ககிட்ட ஒரு வருஷமா வேணாம் வேணாம்னுதாங்க சொல்லுது. இவரு புதுசு புதுசா எதையாவது கேட்டுட்டுப் போவாரு, அது வேணாம்னு சொல்லும். அது வேணாம்னு சொன்னதாலதான் இன்னைக்கு நாங்க சாப்பிடறோம். நாங்களே வரணும்னுதான் இருந்தோம். வீட்டுல சண்டையா இருக்கும்போது எப்படி வர்றதுன்னுதான்..."

"வாங்க" என்றார் மாமியார். "காசு குடுத்து வேணாம்னு கேட்டுட்டுப் போங்க."

கண்டக்டர் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை. அடுத்து பல் டாக்டர் இருப்பது எந்தத் தெரு என்று கேட்டார்.

இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. முதல் திருப்பத்திலேயே முட்டி மடங்க மறுத்தது. சின்னவள் தாங்கிப் பிடித்தபோது, கீழேயிருந்து யாரோ இரண்டு இரண்டு படியாக ஓடிவருகிற சத்தம் கேட்டது. பெரியவள். கண்டக்டர் மனைவி உடனே போன் போட்டிருக்க வேண்டும். இல்லை, மாமியார் செருப்பு கேட்டபோதே பின்னால் கிளம்பியிருக்க வேண்டும். தலை கலைந்து, மூச்சிரைக்க வந்து நின்றாள். உலகத்துச் சந்தைகள் சரிந்தபோது நடுங்காத கை இப்போது நடுங்கியது. சின்னவள் அதைப் பார்த்தாள்.

"என்ன அத்தை இது... மூணு மாடி. உங்க காலுக்கு. போன்ல சொல்லியிருக்கலாமே."

"போன்ல சொன்னா மூஞ்சி தெரியாது" என்றார் மாமியார். "முப்பது வருஷம் போன்ல மூஞ்சியை மறைச்சாச்சு. இதைப் பாத்துத்தான் சொல்லணும்."

பிறகு, படியிலேயே, அவர் முகம் கலங்கியது. "உன்னையும் பாத்துத்தான் சொல்லணும். அவருக்கு நீ பீ மூத்திரம் அள்ளின... உன் கையால தண்ணி வேணாம்னு நான்..." அதற்கு மேல் வரவில்லை.

பெரியவள் ஒரு படி ஏறி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுகை நீண்டது. எதிர் வீட்டுக்காரர் ஒருவர் குப்பைப் பையோடு வெளியே வந்து, பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சு அத்தை" என்றாள் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எதுக்குக் கட்டின? எவன் சொன்னான்?"

"குடித்தனத்தை இங்கயே வெச்சுக்கறேன். தொழிலை மட்டும் அந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுபோறேன். காலைல என் பின்னாடி யாரும் வந்து நிக்கக் கூடாது."

மாமியார் யோசித்தார். "அது சரி" என்றார்.

பணம் வரவில்லை. வரவும் வராது. இளையவன் பைக்கை விற்றுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தான். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கை அம்மா கையில் வைத்தான். அந்தப் பங்கு அவர் ஆயுசுக்குள் பாதியைக்கூட எட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டார். அண்ணியிடம் அவன் மன்னிப்புக் கேட்டதற்கு, "சீக்கிரம் எழுந்திரு" என்று மட்டும் அவள் சொன்னாளாம்.

அதெல்லாம் பிறகு. அன்று அந்தப் படிக்கட்டில், பெரியவள் மாமியாருக்கு முன்னால் ஒரு படி கீழே போய், அவர் பக்கமாகத் திரும்பி நின்றாள். மாமியாரின் இரண்டு கையையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள், விழுந்தால் தன் மேல்தான் விழ வேண்டும் என்கிற மாதிரி. கால் வைக்கிற இடத்தை அவள் பார்க்கவில்லை. மாமியாரின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

சின்னவள் மாமியாரின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பின்னாலேயே இறங்கினாள்.